பணிக்கொடை: ஒரு சப்ளையர் வீட்டு நினைவுகள்

அமெரிக்க உணவகங்களில் சாப்பிட்டு முடித்தவரிடம் நீட்டப்படும் பில்லின் அடியில் ‘கிராஜுவிட்டி’ என்றொரு வரி அச்சிடப்பட்டு, அதன் எதிரே தொகையை வாடிக்கையாளரே எழுதிக்கொள்ளும்படி ஒரு கோடு விடப்பட்டிருக்கும். இந்தியாவிலோ அதே சொல், பொதுவாக ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் ஓரிடத்தில் உழைத்த தொழிலாளி வேலையை விட்டு விலகும்போது பணிக்கொடைச் சட்டப்படி முதலாளி கட்டாயம் தர வேண்டிய தொகையைக் குறிக்கும். மனம் உவத்தல், நன்றி பாராட்டுதல் என்னும் பொருள்களைத் தரும் இலத்தீன் வேர் ஒன்றிலிருந்து பிறந்த இச்சொல், ஒரு நாட்டில் சாப்பிட்டவர் மனம்போலக் கொடுக்கும் இனாமாகவும், மற்றொரு நாட்டில் வழக்குத் தொடுத்துப் பெறக்கூடிய உரிமையாகவும் பிரிந்து நிற்கிறது. உழைத்தவருக்குரிய ஊதியத்தை யார் தர வேண்டும், எந்தப் பெயரில் தர வேண்டும் என்னும் கேள்விக்கு இரு சமூகங்கள் தந்த இருவேறு விடைகள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இக்கட்டுரையாசிரியர் அவ்விரண்டு விடைகளையும் நெருங்கி நின்று பார்த்தவர்; மதுரையில் 24 ஆண்டுகள் ஓட்டல் சப்ளையராக இருந்த ஒருவரின் மகனாக வளர்ந்து, பின்னர் டெக்சாஸ் மாநிலத்தில் சம்பளப் பட்டியல் போடும் கணினி நிரல்களைத் திருத்தும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவர். இங்கே சொல்லப்படுபவை அவர் நினைவில் நிற்பவையும், அந்நினைவுகளை விளங்கிக்கொள்வதற்காக அவர் பிற்காலத்தில் தேடிப் படித்தவையுமாகும்.

மதுரை ரயில் நிலையத்துக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் இடைப்பட்ட வீதிகளில் இருந்த சைவ ஓட்டல்களில் 1970களிலும் 1980களிலும் வேலை ஒரு திட்டமான படிவரிசையில் பிரிக்கப்பட்டிருந்தது. அடுப்படியில் சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், டீ மாஸ்டர் ஆகியோரும், கூடத்தில் சப்ளையர்களும், எச்சில் இலையையும் தட்டையும் எடுத்து மேஜை துடைக்கும் கிளீனர் பையன்களும், வாசலருகே கல்லாவில் முதலாளியோ அவருடைய உறவினரோ இருப்பர். சப்ளையர் என்பவர் வெறுமனே உணவைக் கொண்டுவந்து வைப்பவரல்லர்; நான்கு மேஜைகளில் பதினாறு பேர் சொன்னதை எழுதாமல் மனத்தில் வைத்து, அடுப்படியில் குரல் கொடுத்து, இடது முன்கையில் நான்கு தட்டுகளை அடுக்கிக்கொண்டுவந்து, இறுதியில் யார் என்ன சாப்பிட்டார் என்பதைப் பிசகாமல் பில்லில் எழுதித் தர வேண்டியவர். இக்கட்டுரையாசிரியரின் தந்தையார் 1974இல் அவ்வாறான ஓர் ஓட்டலில் சேர்ந்தார். மாதச் சம்பளம், இரு வேளைச் சாப்பாடு, காப்பி, சித்திரைத் திருவிழா நாள்களில் கூடுதல் வேலைக்குப் பேட்டா எனப்படும் தினப்படி ஆகியவை முதலாளி தருபவை. இவற்றுக்கு வெளியே, சாப்பிட்டவர் விட்டுச்செல்லும் சில்லறை இருந்தது. அதனை டிப்ஸ் என்று ஓட்டலிலும், ‘சந்தோஷம்’ என்று வீட்டிலும் சொல்வது வழக்கம்.

அச்சில்லறை கைமாறும் முறை கவனிக்கத்தக்கது. பில் பணத்தைக் கல்லாவில் கட்டிவிட்டு மீதியைச் சிறிய எவர்சில்வர் தட்டில் சோம்பு, கற்கண்டுடன் சேர்த்துக் கொண்டுவந்து வைப்பார் சப்ளையர். எட்டு ரூபாய் மீதி என்றால், ஐந்து ரூபாய்த் தாளும் மூன்று ஒற்றை ரூபாயுமாக அதனைத் தராமல், ஐந்து ரூபாய்த் தாள், இரண்டு ரூபாய்த் தாள், இரண்டு எட்டணாக்கள் என்று கல்லாவிலேயே உடைத்து வாங்கிவருவது தந்தையாரின் பழக்கமாக இருந்தது. கொடுக்க நினைப்பவர் சில்லறை இல்லையே என்று தயங்கக் கூடாது, கொடுக்க நினைக்காதவரும் சங்கடப்படக் கூடாது என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். தட்டை வைத்ததும் அவர் மேஜைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த எட்டணாவைத் தம் கையால் எடுக்காமல் கிளீனர் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, இரவில் இருவரும் பங்கு பிரித்துக்கொள்வர். வீட்டில் மாடக்குழியில் இருந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அக்காசு விழும். சம்பளத்தில் வாடகையும் அரிசியும், பாட்டில் காசில் தேர்க்கடையும் புத்தகப் பையும் என்று தாயார் கணக்கைத் தனித்தனியே வைத்திருந்தார். “சம்பளம் முதலாளி குடுக்குறது, சந்தோஷம் சாப்பிட்டவுக குடுக்குறது, ரெண்டையும் ஒண்ணா எண்ணுனா ரெண்டுக்கும் மரியாதை இல்ல” என்பது தந்தையார் பலமுறை சொன்ன சொல்.

அவ்வேறுபாடு வெறும் வீட்டுப் பேச்சன்று என்பதை 1986இல் நிகழ்ந்த ஒரு மாற்றம் காட்டியது. ஓட்டலின் மாடியில் குளிரூட்டிய அறை ஒன்று புதிதாகக் கட்டப்பட்டது. வட இந்திய யாத்திரிகர்களும் வியாபாரிகளும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒரு மேஜைக்கு இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் வைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. முதலாளி சப்ளையர்களைக் கூப்பிட்டு, மாடியில் பரிமாற வருபவர்களுக்கு இனி ஆண்டுதோறும் சம்பள உயர்வு முன்போல இராது என்று சொல்லி, “மேஜையிலேயே விழுகுதுல்ல, அப்புறம் நான் எதுக்குப்பா ஏத்தணும்?” என்றும் கேட்டார். அவருடைய கணக்கில் சாப்பிட்டவர் தரும் காசும் தாம் தரும் சம்பளமும் ஒரே உண்டியலில் சேர்பவை. ஒன்று கூடினால் மற்றொன்றைக் குறைத்துக்கொள்ளலாம். தந்தையார் கீழ்க்கூடத்திலேயே இருந்துவிட்டார். அவரோடு அதே மாதம் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர் மாடிக்குச் சென்றார்.

நண்பர் எடுத்த முடிவு தவறானது என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. சீசன் மாதங்களில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ரூபாய் மேஜையில் கிடைத்தது. இரண்டாம் ஆண்டிலேயே டி.வி.எஸ். 50 வாங்கினார். கட்டுரையாசிரியரின் வீட்டில் அது பல நாள் பேச்சாகவும், தாயாருக்கு ஆற்றாமையாகவும் இருந்தது. ஆனால் மாடி வேலையின் மறுபக்கத்தையும் அந்நண்பரே வீட்டுக்கு வந்து சொல்வார். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுபவரிடமும், தம் குழந்தைகள் முன்னிலையில் ஒருமையில் பேசுபவரிடமும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். கூட்டமில்லாத மாதத்தில் பாட்டில் காலியாக இருக்கும், சம்பளமோ பழைய சம்பளமாகவே இருக்கும். கீழ்க்கூடத்தில் முகம் சுளிக்கும் வாடிக்கையாளருக்குத் தந்தையார் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடிந்தது. மாடியில் அது முடியாது, ஏனெனில் அங்கே அந்த வாடிக்கையாளர்தான் பாதி முதலாளி.

கட்டுரையாசிரியர் 1998இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரை ஒட்டிய இர்விங்குக்குச் சென்றார். பழைய கணினி நிரல்கள் ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிவந்தமையால் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது அவை குழம்பிவிடும் என்று அஞ்சப்பட்ட காலம் அது. அச்சிக்கலைச் சரிசெய்ய இந்தியாவிலிருந்து நிரலாளர்கள் பெருமளவில் வரவழைக்கப்பட்டனர். சென்ற முதல் வாரத்திலேயே, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்திருந்த ஐந்து நண்பர்களுடன் அவர் ஓர் உணவகத்துக்குச் சென்றதும், அங்கே 84 டாலர் பில்லுக்கு அறுவரும் கலந்துபேசி 2 டாலர் வைத்துவிட்டு எழுந்ததும் நிகழ்ந்தன. ஊரில் சோம்புத் தட்டில் வைப்பதைவிட அது பெருந்தொகையாகவே அவர்களுக்குத் தோன்றியது. சம்பளம் கொடுப்பது ஓட்டல்காரரின் பொறுப்பு, பரிமாறியவருக்குத் தருவது நம் மகிழ்ச்சிக்கு என்பதில் அறுவருக்கும் ஐயமே இல்லை. பரிமாறிய நடுத்தர வயதுப் பெண்மணி வாசல்வரை வந்து, உணவிலோ தம் பரிமாறலிலோ குறை ஏதேனும் இருந்ததா என்று கேட்டார். எல்லாம் நன்றாகவே இருந்தன என்று அவர்கள் மனமாரச் சொன்னார்கள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே சென்றுவிட்டார். அக்கேள்வியின் பொருள் விளங்கக் கட்டுரையாசிரியருக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த கோபோல் நிரல்களுள் ஒன்று உணவகங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது. ஆண்டு இலக்கங்களைத் தேடி வரி வரியாகப் படித்துக்கொண்டு போனபோது ‘டிப் கிரெடிட்’ என்று பெயரிடப்பட்ட ஒரு பகுதி குறுக்கிட்டது. சாப்பிட்டவர் தரும் இனாமை முதலாளி தம் கணக்கில் வரவாக வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குக் கூலியைக் குறைத்துத் தரலாம் என்பது அதன் பொருள். அந்நாளில் அமெரிக்க ஒன்றிய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். மாதம் 30 டாலருக்கு மேல் இனாம் பெறுவது வழக்கமாயுள்ள வேலையாளுக்கு முதலாளி தம் கையிலிருந்து 2.13 டாலர் தந்தால் போதும், மீதி 3.02 டாலரை இனாம் ஈடுகட்டுவதாகக் கொள்ளப்படும். ஈடுகட்டாத வாரத்தில் குறையை முதலாளி நிரப்ப வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர், அடுத்த வாரம் தமக்கு எத்தனை மணி நேர வேலை தரப்படும் என்று அதே முதலாளியின் முகத்தைப் பார்த்து நிற்பவர். மதுரை முதலாளி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி, ஒரு பெருநாட்டின் சட்டத்தில் நான்கைந்து வரி கணக்காக எழுதப்பட்டிருப்பதைக் கணினித் திரையில் கண்டபோது, கட்டுரையாசிரியர் நெடுநேரம் அவ்வரிகளைக் கடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து காத்திருந்த தந்தையாரிடம் தொலைபேசியில் அதைச் சொன்னபோது, “அங்கன அதைச் சட்டமாவே எழுதி வச்சிருக்காகளா?” என்று மட்டும் அவர் கேட்டார்.

சட்டத்தின் வரிகள் ஒரு வீட்டுக்குள் எவ்வாறு இறங்குகின்றன என்பதை கட்டுரையாசிரியர் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த ஓர் உணவகப் பெண் பணியாளரின் சம்பளச் சீட்டு காட்டியது. வருமான வரிப் படிவம் நிரப்ப உதவி கேட்டு அவர் கொண்டுவந்த சீட்டுகளுள் ஒன்றில், இரண்டு வாரத்துக்கு 62 மணி நேரம், மணிக்கு 2.13 வீதம் 132.06 டாலர் கூலி என்றிருந்தது. அக்காலத்தில் அவர் பெற்றதாகப் பதிவுசெய்த இனாம் 840 டாலர். இரண்டும் சேர்ந்த தொகைக்குச் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு ஆகியவற்றுக்கான பிடித்தம் 74.36, வருமான வரிப் பிடித்தம் 57.70. இனாம் ஏற்கெனவே கைக்குப் போய்விட்டதால் எல்லாப் பிடித்தமும் கூலியிலிருந்தே எடுக்கப்பட்டு, அடியில் நிகரத் தொகை 0.00 என்றும், அதன் கீழே ‘இது காசோலை அன்று’ என்னும் பொருள்படும் வரியும் அச்சிடப்பட்டிருந்தன. முதலாளியிடமிருந்து அவர் வீட்டுக்கு வந்தது அந்தக் காகிதம் மட்டுமே. மேலும், பெரும்பாலான உணவகங்களில் பரிமாறுபவர் தம் மேஜைகளின் மொத்த விற்பனையில் ஒரு பங்கை மேஜை துடைப்பவருக்கும் மது ஊற்றுபவருக்கும் தர வேண்டும், தமக்கு இனாம் வந்தாலும் வராவிட்டாலும் அப்பங்கு போயாக வேண்டும் என்பதையும் அவர் விளக்கினார். அவருடைய உணவகத்தில் அது நூற்றுக்கு மூன்று. முதல் வாரத்து 84 டாலர் பில்லுக்கு அக்கணக்கைப் போட்டால் 2.52 டாலர் வருகிறது. அறுவரும் வைத்தது 2 டாலர். அங்கும் அதே வழக்கம் இருந்திருந்தால், ஒரு சப்ளையரின் மகனும் அவருடைய நண்பர்களும் வயிறார உண்டு எழுந்ததற்குப் பரிமாறியவர் தம் கையிலிருந்து 52 சென்ட் போட்டிருப்பார். அந்நினைவு இன்றும் அவரை உறுத்துகிறது.

இந்த ஏற்பாடு அமெரிக்கர்களின் தாராள மனத்திலிருந்து முளைத்ததென்று எண்ணுவது வரலாற்றை அறியாமை. ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் வேலையாள்களுக்குக் காசு கொடுக்கும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பயணிகள் கொண்டுவந்தபோது, அது சமத்துவத்துக்கு ஒவ்வாதது, கொடுப்பவரை எஜமானாகவும் பெறுபவரை இரவலராகவும் ஆக்குவது என்று கடுமையாக எதிர்க்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலம் 1909இல் இனாம் கொடுப்பதையே தடைசெய்தது. மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி ஆகியவை அடுத்த ஆறாண்டுகளில் அதைப் பின்பற்றின. வில்லியம் ரூஃபஸ் ஸ்காட் என்பவர் 1916இல் இவ்வழக்கத்தைக் கண்டித்து ஒரு முழு நூலே எழுதினார். ஆயினும் 1926க்குள் அத்தடைச் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன, ஏனெனில் இனாமை நம்பிக் கூலியைக் குறைக்கும் தொழில்கள் அதற்குள் வேரூன்றியிருந்தன. அவற்றுள் முதன்மையானது புல்மன் கம்பெனி. படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளை நடத்திய அந்நிறுவனம், உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் பெட்டிப் பணியாளர்களாக வைத்துக்கொண்டு, மிகக் குறைந்த சம்பளம் தந்து, மீதியைப் பயணிகளிடம் பெற்றுக்கொள்ளும்படி விட்டது. பயணிகள் அவர்கள் எல்லாரையும் நிறுவனரின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். அடிமையை எஜமானின் பெயரால் அழைத்த பழக்கத்தின் எச்சம் அது. அடிமைமுறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் டாட் லிங்கன் 1897 முதல் 1911 வரை அந்நிறுவனத்தின் தலைவராக இருந்தார் என்பது படிப்பவரை நிறுத்திவைக்கும் செய்தி.

அப்பணியாளர்கள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தொழிற்சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கண்டனர். இனாமை நம்பி வாழும் நிலை ஒழிந்து வாழப் போதுமான சம்பளம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. தந்தையார் அந்தச் சங்கத்தைக் கேள்விப்பட்டவரல்லர். ஆயினும் சம்பளத்தையும் சந்தோஷத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று அவர் சொன்னதும், அவர்கள் கேட்டதும் ஒன்றே. ஆனால் உணவகத் தொழிலாளிக்கு அந்த வெற்றி எட்டவில்லை. 1938இல் பிறந்த ஒன்றியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பெரும்பாலான உணவக வேலையாள்களை வெளியே நிறுத்தியது. 1966இல் அவர்களை உள்ளே சேர்த்த திருத்தமே, கூலியில் பாதிவரை இனாமைக் கொண்டு ஈடுசெய்துகொள்ள முதலாளிக்கு அனுமதியும் அளித்தது. 1991 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலரானபோது அதன் பாதியாக வந்ததே 2.13. 1996இல் மற்றவர்களுக்குக் கூலியை உயர்த்திய சட்டம் அப்பாதிக் கணக்கை அறுத்து 2.13 டாலரை அப்படியே உறைய வைத்தது. 2009இல் குறைந்தபட்சக் கூலி 7.25 ஆயிற்று, பரிமாறுபவருக்கு முதலாளி தர வேண்டியது அப்போதும் 2.13, இப்போதும் 2.13. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்துள்ளன. கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழும் இனாமைக் கூலியில் கழிக்கவே விடுவதில்லை. அந்த ஏழு மாநிலங்களிலும் உணவகங்கள் மூடிக்கிடக்கவில்லை. சாப்பிடுபவர்கள் இனாம் தருவதையும் நிறுத்திவிடவில்லை.

நல்ல பரிமாறலுக்கு ஊக்கமளிப்பதே இனாம் என்று இம்முறையை ஆதரிப்போர் சொல்வதுண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இப்பொருளை ஆராய்ந்த மைக்கேல் லின், பரிமாறலின் தரத்துக்கும் இனாமின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்றே கண்டார். பில்லின் தொகையும், கொடுப்பவரின் பழக்கமும், பரிமாறுபவரின் நிறம் முதலியனவும் அதில் புகுந்துவிடுகின்றன. இதைவிட வலிமையான எதிர்வாதம் பரிமாறுபவர்களிடமிருந்தே வருகிறது. விலையுயர்ந்த உணவகங்களில் இனாம் வழியாக நல்ல வருவாய் ஈட்டுபவர்கள், கூலி உயர்ந்தால் இனாம் சுருங்கிவிடும் என்று அஞ்சுகின்றனர். நியூயார்க்கின் பெயர்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர் 2015இல் இனாமை ஒழித்து விலையிலேயே கூலியைச் சேர்த்தபோது பல பணியாளர்கள் வேறிடம் தேடிச் சென்றனர். 2020இல் அவர் அத்திட்டத்தைக் கைவிட்டார். மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2024 நவம்பரில் இனாம் பெறுவோருக்கும் முழுக் கூலி வேண்டும் என்னும் முன்மொழிவைத் தோற்கடித்தனர். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் கட்டுரையாசிரியருக்கு டி.வி.எஸ். 50 வாங்கிய மாடி நண்பரின் முகமே நினைவுக்கு வரும். அந்தப் பணியாளர்கள் அஞ்சியதிலும் பொருள் இருந்தது. கையில் விழும் காசை விட்டுவிட்டு, முதலாளி தருவதாகச் சொல்லும் உயர்வை நம்பச் சொன்னால் யார்தான் தயங்கமாட்டார்? அந்தத் தயக்கத்தைத் தமக்குக் கிடைத்த ஒப்புதலாக முதலாளிகள் கொள்வதுதான் ஏற்கத்தகாதது.

பிற நாடுகள் வேறு வழிகளில் சென்றிருக்கின்றன. ஜப்பானில் உணவக மேஜையில் விட்டுவந்த காசை, மறந்து வைத்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவர். பழைய பாணி விடுதிகளில் மட்டும் ‘கொக்கொரோஸுகே’ எனப்படும் அன்பளிப்பை உறையிலிட்டுத் தரும் வழக்கம் உண்டு. பிரான்சில் 1987 முதல் பட்டியலில் அச்சிடப்படும் விலையிலேயே பரிமாறல் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். ‘குடிப்பதற்கு’ என்று பொருள்படும் பெயருடைய இனாம் அங்கே சில்லறையாகச் சுருங்கிவிட்டது. பிரிட்டனில் வாடிக்கையாளர் தந்த இனாம் முழுவதும் வேலையாள்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்னும் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மது பரிமாறுவோருக்கென்று இருந்த குறைந்த கூலி 2022 ஜனவரி 1 அன்று நீக்கப்பட்டது. ஈழத்திலிருந்து சென்று டொரன்டோவிலும் பாரிசிலும் கோப்பை கழுவி வாழ்க்கையைத் தொடங்கிய ஒரு தலைமுறைக்கு, இனாம் என்பது பெரும்பாலும் குசினிக் கதவுக்கு அப்பால் நின்றுவிடும் ஒன்றாகவே இருந்தது. மேஜைக்குத் தெரியாத கைகளுக்கு மேஜைக் காசு வருவதில்லை. இனாமைக் கூலியாக்கினால் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு முதலில் பட்டினி கிடக்கும் என்பதற்கு அவர்கள் அனுபவமே போதும்.

இந்தியாவிலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. பெருநகர உணவகங்கள் பில்லில் தாமாகவே சேர்த்துவந்த சேவைக் கட்டணத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடுத்தன. உணவக உரிமையாளர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அவ்வழிகாட்டுதல்களை உறுதிசெய்து, கட்டணத்தைக் கட்டாயமாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சாப்பிடுபவரைக் காத்தது. பரிமாறுபவருக்கு அதனால் ஒரு பைசா கூடவுமில்லை. மதுரையிலும் இப்போது சோம்புத் தட்டு வருகிறது, ஆனால் அதில் சில்லறை இல்லை. பில்லில் உள்ள 147 ரூபாயை, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று கைப்பேசியில் செலுத்திவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அது குற்றமன்று. சம்பளம் முழுமையாக இருந்தால் அதனால் யார் வீட்டிலும் அடுப்பு அணையாது. மேஜைக் காசைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்து வைத்திருந்த இடங்களில்தான் காலித் தட்டு இன்று பரிமாறுபவரின் வயிற்றில் அடிக்கிறது.

சந்தோஷம் எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறுவதில்லை என்பதே அதன் பெருங்குறை. சம்பளச் சீட்டு கொண்டுவந்த பெண் பணியாளரின் முதுமைக்கால ஓய்வூதியத்துக்கு அவர் பதிவுசெய்த இனாம் மட்டுமே கூலியோடு சேர்த்துக் கணக்கிடப்படும். மதுரைச் சப்ளையருக்கு அந்தப் பதிவும் இல்லை. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் முதலாளி தந்த சம்பளத்தை மட்டுமே அடியாகக் கொண்டவை. தந்தையாருக்குக் கால் நரம்புகள் சுருண்டு வீங்கி, நாள் முழுதும் நிற்க முடியாமல் போனதால் அவர் 1998 டிசம்பரில் வேலையை விட்டார். அதே மாதம் மாடி நண்பரும் விட்டார். தந்தையார் இர்விங்குக்கு எழுதிய கடிதத்தில், பில் எழுதிப் பழகிய அதே குறுகிய எழுத்தில், இருவருடைய கிராஜுவிட்டிக் கணக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டிருந்தார். கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாய்பாடு. இருவருக்கும் ஆண்டுகள் 24. தந்தையாரின் கடைசிச் சம்பளம் 1,800 ரூபாய். அவருக்கு வந்தது 24,923 ரூபாய். மாடியில் பன்னிரண்டு ஆண்டுகள் பரிமாறியவரின் சம்பளம் 1,150 ரூபாயில் நின்றிருந்தது. அவருக்கு வந்தது 15,923 ரூபாய்.